சீன எழுத்தின் அபூர்வ வடிவம் தேடுகிறீர்களா? தைவானின் மாற்றுருவ அகராதியில் தொடங்குங்கள்

சீன எழுத்துகளின் அபூர்வ வடிவங்களைத் தேடுகிறவர்களுக்கு இன்று இணையத்தில் தளங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு எழுத்தைத் தட்டினால் வரிசையாக வடிவங்களைக் கொட்டுகிறார்கள். ஆனால் அவற்றில் எது உண்மையிலேயே ஒரு கல்வெட்டிலோ ஏட்டிலோ இருந்தது, எது பிரதி எடுத்தவர் கை தவறி எழுதியது, எது போன வருஷம் யாரோ வரைந்து ஏற்றியது என்று கேட்டால் பெரும்பாலான தளங்களிடம் பதில் கிடையாது. தைவான் கல்வி அமைச்சகம் நடத்துகிற மாற்றுருவ அகராதி, அதாவது யீதிஸி ஸிதியான், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

முதலில் அடிப்படை விவரங்கள். 1995இல் வேலை தொடங்கி 2001இல் முறையான பதிப்பு வந்தது. அப்புறமும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். 2004 கணக்குப்படி மொத்தம் 1,06,230 வடிவங்கள். இதில் முதன்மை எழுத்துகள் ஏறக்குறைய முப்பதாயிரம், மீதி எல்லாம் அவற்றின் மாற்றுருவங்கள். பழைய அகராதிகள், கல்வெட்டு எழுத்துத் தொகுப்புகள், நாட்டார் அச்சு நூல்களின் எழுத்துப் பட்டியல்கள் என்று அறுபதுக்கும் மேற்பட்ட மூல நூல்களை அடித்தளமாக வைத்துச் செய்திருக்கிறார்கள். பார்க்கப் பணம் வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

மாற்றுருவம் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்கு: ஒலியும் பொருளும் ஒன்றேதான், எழுதும் உருவம் மட்டும் வேறு. நம் பழைய புத்தகங்களில் துதிக்கை வைத்த லை, னை பார்த்திருப்போமே, 1978 சீர்திருத்தத்துக்குப் பிறகு அச்சில் மறைந்தவை, அதே மாதிரி. ஆனால் நமக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய எழுத்துகளில் நடந்தது அங்கே மூவாயிரம் வருஷமாக, ஆயிரக்கணக்கான எழுத்துகளில், பல ராஜ்யங்களில், மூன்று நான்கு நாடுகளில் நடந்திருக்கிறது. சில வேறுபாடுகள் அற்பமானவை. 'சிகரம்' என்ற எழுத்தில் மலை உறுப்பை (எழுத்தைக் கட்டும் துண்டுகளில் ஒன்றை உறுப்பு என்கிறேன்) பக்கத்தில் வைத்தாலும் தலைமேல் வைத்தாலும் ஒன்றுதான். 'கூட்டம்' என்ற எழுத்தில் ஆடு வலப்பக்கம் நிற்கலாம், கீழேயும் நிற்கலாம். வேறு சிலவற்றைப் பார்த்தால் இரண்டும் ஒரே எழுத்து என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது.

அகராதியின் அருமை தெரிய வேண்டும் என்றால் 'நாடு' என்று பொருள் தரும் குவோ எழுத்தைத் திறந்து பாருங்கள். வெளியே ஒரு சதுரம், உள்ளே ஈட்டி போன்ற ஆயுதமும் வாய் போன்ற சின்னப் பெட்டியும் அடிக்கோடும். தைவானில் இன்றும் எழுதுவது இந்த வடிவம்தான். அதன் கீழே மாற்றுருவங்களைப் பாருங்கள், சரித்திரப் பாடப்புத்தகமே விரியும். சதுரத்துக்குள் 'அரசன்' நிற்கும் வடிவம் ஒன்று. 1851 முதல் 1864 வரை நடந்த தைப்பிங் கிளர்ச்சி அரசு தன் காசுகளில் பொறித்தது இதைத்தான். அதே அரசனுக்கு ஒரு புள்ளி சேர்த்தால் 'பச்சைக்கல்' ஆகிவிடும், அந்த வடிவத்தை ஜப்பான் 1949இலும் சீனா 1956இலும் அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டன. இன்னொன்றில் சதுரத்துக்குள் 'எட்டுத் திசை' என்று இரண்டு எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். 690இல் தானே அரியணை ஏறிய பேரரசி வு ஸெதியான் புகுத்திய எழுத்துகளில் ஒன்று அது. 705இல் அவர் ஆட்சி முடிந்ததும் அந்த எழுத்துகளும் வழக்கொழிந்தன. அதனால் ஒரு சீனக் கல்வெட்டிலோ ஏட்டிலோ அவை கண்ணில் பட்டால் காலத்தைக் கணிக்க அது பெரிய துப்பு. ஆனால் இந்த ஒரு வடிவம் மட்டும் கடல் தாண்டி ஜப்பானில் பிழைத்துக்கொண்டது. மிதோ பிரபு தொகுகாவா மித்ஸுகுனியின் பெயரில் 'குனி' என்று எழுதுவது இதே எழுத்துதான். சீனாவில் சில வருஷமே வாழ்ந்த ஒரு எழுத்து ஜப்பானியர் ஒருவரின் பெயரில் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது.

இவ்வளவும் மற்ற தளங்களிலும் பட்டியலாகக் கிடைக்கும்தான். இங்கே என்ன விசேஷம் என்றால், ஒரு மாற்றுருவத்தைச் சொடுக்கினால் அது எந்த மூல நூலில் இருக்கிறது என்ற விவரம் வருகிறது, அந்த நூலின் அந்தப் பதிவே ஸ்கேன் படமாக வருகிறது. அதோடு, பல வடிவங்களுக்கு ஆய்வாளர் ஒருவர் எழுதிய குறிப்பும் அவர் பெயரோடு இருக்கிறது: இது ஏன் இந்த எழுத்தின் மாற்றுருவம், எந்த உறுப்பு எப்படித் திரிந்தது, எந்தப் பழைய அகராதி என்ன சொன்னது, அதை ஏன் ஏற்கிறோம் என்று. நீங்கள் ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், அதுதான் முக்கியம். சாட்சியை முன்னால் வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதால் அந்தத் தீர்ப்போடு வாதாட முடிகிறது. பெயர் தெரியாத பட்டியலோடு யார் வாதாடுவது?

மூல நூல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஸ்கேன் படங்களைப் புரட்டப் புரட்ட இந்த நூல்கள் ஆட்கள் மாதிரி பழகிவிடுகின்றன. மூத்தது ஷூ ஷென் தொகுத்த ஷுவோவன் ஜியேசி. கி.பி. 100 வாக்கில் எழுதி, 121இல் அரசரிடம் சமர்ப்பிக்கப்பட்டது. 9,353 எழுத்துகள், அவற்றோடு 1,163 மாற்றுருவங்கள், எல்லாம் 540 தலைப்பு உறுப்புகளின் கீழ். அதாவது மாற்றுருவங்களைச் சேகரிக்கும் பழக்கம் முதல் பெரிய அகராதியிலேயே இருக்கிறது. அதில் உள்ளவை முத்திரை எழுத்து வடிவங்கள், வளைந்து நெளிந்து ஒரே தடிமனில் ஓடும் கோடுகள். பிற்காலத்துச் சதுர எழுத்தாக அவற்றை மாற்றி எழுதும்போது ஆளுக்கு ஒரு விதமாக மாற்றியதே ஏராளமான மாற்றுருவங்களுக்குக் காரணம்.

எனக்கு மிகவும் பிடித்தது தாங் காலத்து கான்லு ஸிஷூ. யான் யுவான்சுன் எழுதிய சிறிய நூல், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் எழுத்தர்களுக்கும் கைகொடுப்பதற்காக. 774இல் அவருடைய உறவினரான புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் யான் ஜென்சிங் கைப்பட எழுதிக் கல்லிலும் வெட்டினார்கள். அதில் ஒவ்வொரு வடிவத்துக்கும் மூன்றில் ஒரு முத்திரை: மக்கள் வழக்கு, புழக்கத்தில் ஏற்கப்பட்டது, முறையானது. மக்கள் வழக்கு என்றதும் கெட்டது என்று ஒதுக்கவில்லை. கணக்குப் பேரேடு, ஒப்பந்தப் பத்திரம், மருந்துச் சீட்டு இவற்றில் தாராளமாக எழுது, ஒன்றும் குற்றமில்லை என்கிறார். தேர்வுக்கும் கல்வெட்டுக்கும் போகும்போது மட்டும் முறையானதை எழுது. 1,200 வருஷத்துக்கும் முன்னால் இவ்வளவு பக்குவமாக யோசித்திருக்கிறார். இன்று 'சரியான எழுத்து எது' என்று சண்டை போடுகிறவர்கள் ஒருமுறை அந்த முன்னுரையைப் படிக்கலாம்.

அப்புறம் லோங்கான் ஷௌஜிங். லியாவ் அரசில் 997இல் ஷிங்ஜுன் என்ற பௌத்தத் துறவி தொகுத்தது. 26,000க்கும் மேற்பட்ட எழுத்துகள். பௌத்த சூத்திரங்களைக் கையால் பிரதி எடுத்தவர்கள் அவசரத்திலும் பழக்கத்திலும் எழுதிய விதவிதமான வடிவங்களை அள்ளிச் சேர்த்திருக்கிறார். இதெல்லாம் எழுத்தே இல்லை, குப்பை என்று பிற்காலப் பண்டிதர்கள் பலர் திட்டினார்கள். 1900இல் துன்ஹுவாங் குகையில் ஆயிரக்கணக்கான ஏடுகள் வெளிவந்த பிறகு கதை மாறியது, துறவி பதிந்து வைத்த வடிவங்கள் ஏடுகளில் அப்படியே இருந்தன. அந்த ஏடுகளில் போதிசத்துவர் என்பதற்கான இரண்டு எழுத்துகளை முழுதாக எழுதச் சோம்பி, இரண்டின் தலையிலும் இருக்கும் புல் உறுப்பை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே எழுத்தாக முடித்துவிடுவார்கள். பார்த்தால் களைச்செடி மாதிரி இருக்கும். இது தெரியாதவர் எந்த அகராதியைப் புரட்டி என்ன பயன்?

இந்த மூலங்களை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிவதால் கிடைக்கும் சந்தோஷத்துக்கு 'இலையுதிர்காலம்' எழுத்து நல்ல உதாரணம். இன்றைய வடிவத்தில் இடப்பக்கம் தானியம், வலப்பக்கம் நெருப்பு. ஷுவோவன் வடிவத்தில் இரண்டும் இடம் மாறியிருக்கும். அதே பதிவில் இன்னும் பழைய வடிவம் ஒன்றும் தருகிறார் ஷூ ஷென், அதில் ஒரு ஆமை. இலையுதிர்காலத்துக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்? ஷாங் அரச காலத்து எலும்பு எழுத்துகளில், அதாவது எலும்பிலும் ஆமை ஓட்டிலும் கீறிய மிகப் பழைய எழுத்துகளில், அந்த இடத்தில் இருப்பது ஒரு பூச்சி, வெட்டுக்கிளியோ சில்வண்டோ. எழுதி எழுதிப் பூச்சி ஆமையாகிவிட்டது. அந்த ஆமை பிற்காலச் சதுர எழுத்திலும் தொடர்ந்து, ஜப்பானின் கபுகி அரங்குகள் வரை போய்ச் சேர்ந்தது: நாடகத்தின் கடைசி நாளைக் குறிக்கும் சொல்லில் நெருப்பு உறுப்பு உள்ள வடிவத்தைத் தவிர்த்து, ஆமை வடிவத்தை எழுதுவார்கள். மரக் கொட்டகைக்காரர்களுக்குத் தீ என்றால் பயம் இருக்காதா.

இங்கேதான் அகராதியின் முக்கியமான எல்லையும் வருகிறது. மேலே சொன்ன எலும்பு எழுத்துப் பூச்சியை நீங்கள் இங்கே பார்க்க முடியாது. இது அடிப்படையில் ஷுவோவனிலிருந்து கீழ்நோக்கி வரும் அகராதி, அதற்கு முந்தைய ஆயிரம் வருஷத்துக்கு மேல் இதன் வேலை இல்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்துகொள்ளாமல் வந்தால் ஏமாந்துபோவீர்கள். ஷூ ஷென்னுக்கே எலும்பு எழுத்துகள் தெரியாது, அவை 1899க்குப் பிறகுதான் அறிஞர்கள் கண்ணுக்கு வந்தன. 'செய்' என்று பொருள் தரும் எழுத்தை அவர் ஒரு வகைக் குரங்கு என்று விளக்கியிருக்கிறார். எலும்பு எழுத்தில் பார்த்தால் ஒரு கை யானையின் துதிக்கையைப் பிடித்து வேலை வாங்குகிறது! அந்தக் கைக்கும் யானைக்கும் நடுவில் எத்தனை தலைமுறை எழுத்தர்கள் கோடுகளைச் சுருக்கினார்களோ, அவர் காலத்தில் அது குரங்காகத் தெரிந்திருக்கிறது. ஆகவே இங்கே வரும் ஷுவோவன் ஸ்கேனைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள விளக்கத்தை இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய காலத்துக்கு இதே தைவானின் அகாதெமியா சினிகாவும் தேசிய தைவான் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கிய ஷியாவ்ஷுயேதாங் தளத்துக்குப் போக வேண்டும். எலும்பு எழுத்து, வெண்கலப் பாத்திர எழுத்து, போரிடும் அரசுகள் காலத்து மூங்கில் ஏட்டு எழுத்து, முத்திரை எழுத்து என்று காலவரிசையில் அடுக்கித் தருகிறது. மறுபடி 'நாடு' எழுத்துக்கே வாருங்கள். ஷான்ஷி மாகாணத்தின் பாவ்ஜியில் 1963இல் கிடைத்த ஹே ஸுன் என்ற வெண்கலப் பாத்திரம், மேற்கு ஜோவ் ஆட்சியின் தொடக்க காலத்தது. அதன் அடியில் எழுத்து இருப்பதே 1975இல் சுத்தம் செய்யும்போதுதான் தெரிய வந்தது. 'நடு நாடு' (சீனர்கள் தங்கள் நாட்டுக்குச் சொல்லும் பெயர்) என்ற தொடர் நமக்குத் தெரிந்த வரை முதன்முதலில் வருவது அதில்தான். அங்கே வெளிச் சதுரம் இல்லை, உள்ளே இருக்கும் ஆயுதமும் சின்னப் பெட்டியும் மட்டும்தான். சதுரம் பிறகு வந்து சூழ்ந்துகொண்டது. இரண்டு தளங்களையும் இரண்டு ஜன்னல்களில் திறந்து வைத்துப் படித்தால்தான் ஒரு எழுத்தின் முழு வாழ்க்கை கிடைக்கும். ஒன்று மற்றதற்கு மாற்று இல்லை.

இன்னொரு எல்லை, எது முதன்மை எது மாற்று என்ற தீர்ப்பு தைவானின் தீர்ப்பு. 1982இல் அறிவித்த 4,808 பொதுவழக்கு எழுத்துகளின் பட்டியல் இதன் முதுகெலும்பு. ஒவ்வொரு முதன்மை எழுத்துக்கும் ஏ, பி, சி என்று தொடங்கும் எண் இருக்கும், ஏ பொதுவழக்கு, பி அடுத்த நிலை, சி அபூர்வம். மாற்றுருவங்கள் அந்த எண்ணோடு இணைந்த கிளை எண்ணில் வரும். சீனாவில் கணக்கு வேறு. 1955இல் ஒரு பட்டியல் போட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றுருவங்களை ஒரேயடியாக வழக்கிலிருந்து நீக்கினார்கள். அதில் மக்கள் ஆசையாகப் பெயரில் வைத்துக்கொண்ட எழுத்துகளும் போயின. 'மங்கலம்' என்ற எழுத்தை இரண்டு முறை பக்கத்தில் பக்கத்தில் எழுதும் ஜெ, 'நீர்' மூன்றை அடுக்கும் மியாவ் போன்றவை. 2013இல் 8,105 எழுத்துகள் கொண்ட புதிய பட்டியல் வந்தபோது இப்படி 45 எழுத்துகளைத் திரும்பச் சேர்த்தார்கள். ஆக ஒரே வடிவம் ஒரு கரையில் முதன்மை, மறு கரையில் மாற்று, இன்னொரு ஆண்டில் மீண்டும் முதன்மை. அகராதியில் 'மாற்று' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதைத் தப்பான எழுத்து என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இதில் அகராதி நேர்மையாக நடந்துகொள்ளும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வடிவம் தனி எழுத்தாகவும் இருக்கலாம், வேறொரு எழுத்தின் மாற்றுருவமாகவும் இருக்கலாம். 'மேகம்' என்ற எழுத்தின் மிகப் பழைய வடிவம் தலையில் மழை உறுப்பு இல்லாதது, சுருள் மட்டும். அதே வடிவம் செவ்வியல் நூல்களில் 'சொன்னான்' என்ற பொருளில் தனி எழுத்தாக வாழ்கிறது. பல தளங்கள் இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும். இங்கே இரண்டு வேஷத்தையும் பதிகிறார்கள். பழைய நூல் பதிப்பிக்கிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அந்த வேலையில் இருப்பவருக்குத் தெரியும்.

கணினிப் பக்கம் வந்தால் கொஞ்சம் சிரமம். யூனிகோடில், அதாவது கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் பொதுத் தரத்தில், இடம் பெறாத வடிவங்கள் படமாகத்தான் வரும், நகலெடுத்து ஒட்ட முடியாது, தேட முடியாது. அகராதியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, பிரச்சினை பெரியது. 2001இல் யூனிகோட் ஒரே தடவையில் 42,711 சீன எழுத்துகளைச் சேர்த்தது, அதற்குப் பிறகும் அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது, இன்னும் முடியவில்லை. காரணம், ஒரு கோடு கொஞ்சம் நீண்டால் அது புது எழுத்தா, அதே எழுத்தா என்பதில் யூனிகோடின் கணக்கும் அகராதியின் கணக்கும் ஒன்றல்ல. யூனிகோட் சின்ன வேறுபாடுகளை ஒரே எண்ணில் அடக்கிவிட்டு, தேவைப்பட்டால் எந்த வடிவம் என்று காட்டும் குறி ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. ஜப்பானில் வதனாபே என்ற குடும்பப் பெயரின் 'பே' எழுத்துக்கு மட்டும் எத்தனை வடிவம்! ஆவணங்களில் அவரவர் குடும்ப வடிவம் அப்படியே வர வேண்டும் என்பதால் சுமார் 60,000 எழுத்து வடிவங்களுக்கு அங்கே தனியாகத் தரவுத்தளமே செய்தார்கள்.

படம் போதாது, எழுத்துருவில் வேண்டும் என்கிறவர்கள் ஜப்பானின் கிளிஃப்விக்கிக்குப் போவார்கள். அற்புதமான முயற்சி, உறுப்புகளைக் கோத்து எந்த வடிவத்தையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், ஹனாஸோனோ எழுத்துரு அதிலிருந்து பிறந்ததுதான். நான் அதை மதிக்கிறேன். ஆனால் யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பதால், அங்கே ஒரு வடிவம் இருப்பது அது எப்போதோ எழுதப்பட்டதற்குச் சாட்சி ஆகாது. வடிவத்தை அங்கே எடுங்கள், சாட்சியை இங்கே பாருங்கள். பச்சை குத்திக்கொள்கிறவர்களும் முத்திரை செதுக்குகிறவர்களும் சின்னம் வடிவமைக்கிறவர்களும் இந்த ஒரு படியைத் தாண்டிவிடுவது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிறது, ஏனென்றால் கல்லில் ஏறிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது.

எழுத்துக்கலை பழகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதன்மைப் பட்டியலில் காட்டும் வடிவங்கள் ஒரே சீரான அச்சு எழுத்தாகத் திரும்ப வரையப்பட்டவை. தூரிகை எப்படி ஓடியது என்பது அதில் தெரியாது. எந்தக் கல்வெட்டில் இருக்கிறது என்று இங்கே கண்டுபிடித்து, அந்தக் கல்வெட்டின் மைப்படியை (கல்மேல் தாளை ஒட்டி மை தடவி எடுக்கும் படி) தேடிப் போய்ப் பழகுங்கள்.

மொழியும் ஒரு தடைதான். பக்கங்கள் பாரம்பரியச் சீன எழுத்தில், ஆய்வுக் குறிப்புகள் பாதி செவ்வியல் நடையில். மொழிபெயர்ப்புக் கருவி மேற்கோள்களில் தடுமாறும். ஆனால் வடிவத்தையும் மூல நூலின் பெயரையும் ஸ்கேனையும் பார்த்துக்கொள்ளக் கொஞ்சம் சீன எழுத்து தெரிந்தாலே போதும். மூல நூல்களின் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் கண்ணுக்குப் பழகிவிடும்.

தேடும் முறை பற்றி நடைமுறையாக ஒன்று, புதியவர்கள் அதிகம் முட்டிக்கொள்வது இங்கேதான். எழுத்தைத் தட்டச்சு செய்ய முடிந்தால் கவலை இல்லை. முடியாதபோது 214 அடிப்படை உறுப்புகளின் பட்டியலில் தேட வேண்டும், 1716இல் வந்த காங்ஷி அகராதியின் அதே வரிசை. உறுப்பு அதன் முழு வடிவத்தின் கோட்டு எண்ணிக்கையில் நிற்கும். மூன்று துளியாகத் தெரியும் நீரை 4 கோட்டில் தேட வேண்டும், தலையில் சின்னதாக நிற்கும் புல்லை 6 கோட்டில் தேட வேண்டும். உறுப்பைப் பிடித்த பிறகு மீதிக் கோடுகளை எண்ணும்போது தைவான் எழுதும் முறையில் எண்ணுங்கள். அந்த மீதியில் புல் வந்தால் சீனப் பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் 3 என்று எண்ணுவார்கள், தைவானில் அது நடுவில் பிரிந்து 4. எண்ணிக்கை பொருந்தவில்லை என்றால் ஒரு கோடு கூட்டியும் குறைத்தும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.